குறைபாட்டின் செலவை வறுமைக் கணக்கில் எழுதாதீர்கள்

மாற்றுத்திறனாளிகளுக்கான உதவித்தொகைத் திட்டங்களை வகுக்கும் அமைச்சர்களுக்கும், அவற்றை விவாதித்து நிறைவேற்றும் மக்கள் பிரதிநிதிகளுக்கும், விதிகளை எழுதும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

மாற்றுத்திறனாளிகளுக்கு மாதந்தோறும் தரப்படும் தொகை எதற்காகத் தரப்படுகிறது என்று உங்கள் விதிநூல்களைப் புரட்டிப் பார்த்தால் ஒரே விடை கிடைப்பதில்லை. ஓரிடத்தில் அது உழைக்க முடியாதவரின் பிழைப்புக்கான ஊதியமாக இருக்கிறது; இன்னோரிடத்தில் ஏழைக் குடும்பத்துக்கான நிவாரணமாகிறது; வேறொரு நாட்டில் மருத்துவச் சான்றிதழில் எழுதியிருக்கும் விழுக்காட்டைப் பொறுத்துக் கிடைக்கவோ கிடைக்காமலோ போகிறது. குறைபாட்டோடு வாழ்வதற்கு ஒருவருக்கு மற்றவர்களைவிட மாதம் எவ்வளவு கூடுதலாகச் செலவாகிறது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலான விண்ணப்பப் படிவங்களில் இல்லை. சக்கர நாற்காலியைப் பயன்படுத்துபவன், பல ஆண்டுகளாகப் பிறருக்கு இந்தப் படிவங்களை நிரப்பிக் கொடுத்து வருபவன் என்ற முறையில் அந்தக் கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். அந்தக் கூடுதல் செலவை வருமான இழப்பிலிருந்தும் வறுமையிலிருந்தும் பிரித்தெடுத்து, தனித் தொகையாக, உரியவர் கையிலேயே, அவர் வேலைக்குப் போனாலும் திருமணம் செய்துகொண்டாலும் நின்றுவிடாதபடி வழங்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வை இழந்த ஒருவரின் மாதக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் தானாகப் பிரியாததால் நாளொன்றுக்கு நான்கு முதல் ஆறு முறை குழாய் செருகி வெளியேற்ற வேண்டியிருக்கும். குழாய்கள், வழுவழுப்புக்கான களிம்பு, கையுறை, கிருமிநாசினி ஆகிய எல்லாம் மளிகைச் செலவுக்கு முன்னால் எடுத்து வைக்க வேண்டிய செலவுகள். கையில் பணமில்லாத மாதத்தில் ஒரே குழாயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவார். அதன் விலை சிறுநீர்ப்பாதைத் தொற்றாக வந்து சேரும். நாற்காலியில் போட்டு உட்காரும் காற்று மெத்தையில் காற்று இறங்கிவிட்டால், உணர்வுள்ள உடல் நெளிந்து கொடுத்து எச்சரிக்கும். இவருடைய உடல் எதுவும் சொல்லாது. மாலையில் ஆடை மாற்றும்போது தோல் சிவந்திருப்பதை யாராவது பார்த்துச் சொன்னால் உண்டு. பார்க்கத் தவறினால் புண் எலும்புவரை இறங்கும். பிறகு மாதக்கணக்கில் குப்புறப் படுத்துக் கிடக்க வேண்டும். இவற்றோடு, ஏற முடியாத பேருந்துக்குப் பதிலாக வாடகை வண்டி, படியில்லாத தரைத்தளத்தில் அகலமான கதவுள்ள வீட்டுக்குக் கூடுதல் வாடகை, தூக்கி உட்கார வைக்க ஓர் ஆள். அந்த ஆள் பெரும்பாலும் வேலையை விட்டுவிட்ட தாயாகவோ மனைவியாகவோ இருப்பார். அவர் இழந்த சம்பளம் எந்த அரசின் கணக்கிலும் ஏறுவதில்லை.

காதுகேளாதவருக்குச் சைகைமொழி பெயர்ப்பாளரின் கட்டணம், பார்வையற்றவருக்குத் திரைவாசிப்பு மென்பொருளும் துணைவரும், மனநலக் குறைபாடு உள்ளவருக்கு மருந்தோடு கூலி இழக்கும் வாரங்கள் என்று கணக்கின் தலைப்புகள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் இந்தச் செலவுகளில் பெரும்பாலானவை வேலை கிடைத்த மறுநாள் குறைந்துவிடுவதில்லை. சொல்லப்போனால் கூடுகின்றன, தினமும் வெளியே போக வேண்டியவருக்குத்தான் வாடகை வண்டியும் துணையாளும் அதிகம் தேவைப்படும். வேலை கிடைத்தது என்ற காரணத்துக்காக உதவித்தொகையை நிறுத்தும் விதி, செலவு உயரும் நாளைத் தேர்ந்தெடுத்துப் பணத்தை நிறுத்துகிறது.

பொருளியல் அறிஞர் அமர்த்தியா சென் இதை இரண்டு தடைகளாகப் பிரித்துக் காட்டியிருக்கிறார். குறைபாடு உள்ளவர் மற்றவர் அளவுக்குச் சம்பாதிக்க முடியாமல் போவது முதல் தடை. சம்பாதித்த அதே பணத்தைக் கொண்டு மற்றவர் வாழும் வாழ்க்கையை வாழ முடியாமல் போவது இரண்டாம் தடை. அவர் எடுத்துக்காட்டும் பிரிட்டன் ஆய்வு ஒன்றின்படி, மக்கள்தொகை முழுவதையும் பார்த்தால் வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களில் வாழ்ந்தவர்கள் 17.9 விழுக்காடு. மாற்றுத்திறனாளி ஒருவர் உள்ள குடும்பங்களை மட்டும் பார்த்தால் அது 23.1. அதே குடும்பங்களில் குறைபாட்டால் வரும் கூடுதல் தேவையையும் சேர்த்துக் கணக்கிட்டால் 47.4. கடைசி இரண்டு எண்களுக்கும் இடையில் இருப்பவர்கள் உங்கள் பட்டியல்களில் வறியவர்களாகத் தெரியமாட்டார்கள்; விண்ணப்பித்தால் வருமான வரம்பைத் தாண்டிவிட்டதாகத் திருப்பி அனுப்பப்படுவார்கள். அயர்லாந்து அரசு செய்வித்து 2021இல் வெளியான ஆய்வு, அந்நாட்டில் இந்தக் கூடுதல் செலவு சராசரியாக ஆண்டுக்கு 9,482 யூரோ முதல் 11,734 யூரோ வரை இருப்பதாகக் கண்டது. ஆக, இது அளக்க முடியாத செலவு என்று யாரும் சொல்வதற்கில்லை.

ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான உடன்படிக்கை 2006 டிசம்பரில் ஏற்கப்பட்டு 2008 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. போதிய வாழ்க்கைத்தரத்தையும் சமூகப் பாதுகாப்பையும் பேசும் அதன் 28ஆவது உறுப்பு, வறுமையில் வாழும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அவர்கள் குடும்பங்களுக்கும் குறைபாடு சார்ந்த செலவுகளுக்கு அரசின் உதவி கிடைக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. செலவு என்ற கருத்து அங்கே இருக்கிறது. ஆனால் வறுமை என்ற நிபந்தனையும் கூடவே நிற்கிறது; அந்த வறுமையை அளக்கும் கோல், நான் மேலே சொன்ன செலவைக் கழிக்காத கோல்.

இந்தியாவைப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டு, இடஒதுக்கீடு முதலியவற்றுக்கு 40 விழுக்காடு குறைபாட்டை அடிப்படை வரம்பாக வைத்திருக்கிறது. ஒன்றிய அரசின் இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டமோ 80 விழுக்காடு கேட்கிறது. கூடவே குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். 75 விழுக்காடு என்று சான்றிதழ் வைத்திருப்பவர் சட்டத்தின் கண்ணில் மாற்றுத்திறனாளி, இந்தத் திட்டத்தின் கண்ணில் யாருமில்லை. ஒன்றிய அரசு தரும் பங்கு 18 முதல் 79 வயதுவரை மாதம் 300 ரூபாய், 2012இல் நிர்ணயித்தது. மாநிலங்கள் பல இதற்கு மேல் தம் பங்கைச் சேர்க்கின்றன என்பதை மறக்கவில்லை, ஆனால் எந்த மாநிலத்தில் பிறந்தோம் என்பதைப் பொறுத்து மெத்தையின் விலை மாறுவதில்லை. இதில் வேடிக்கை ஒன்று உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான தொகை, பிறருக்கான அதே போன்ற திட்டங்களின் தொகையைவிடக் குறைந்தது 25 விழுக்காடு கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 24ஆவது பிரிவு. முதியோர் ஓய்வூதியத்தில் 60 முதல் 79 வயதுவரை ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய். எனவே 300 ரூபாயால் சட்டம் நிறைவேறிவிடுகிறது. 80 வயது ஆனதும் முதியவருக்கு 500, மாற்றுத்திறனாளி முதியவருக்கும் 500. அந்த 25 விழுக்காடு எங்கே போனது என்று கேட்க, அந்த வயதில் எழுந்து வருபவர் யார்?

விழுக்காட்டைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவர் அளப்பது உறுப்பின் இழப்பை; அவர் அதை நேர்மையாகவே அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரே அளவு இழப்புள்ள இருவரில் ஒருவர் சாய்தளம் உள்ள கட்டடத்தில் வேலை பார்க்கிறார், இன்னொருவர் மூன்றாம் மாடியில் மின்தூக்கி இல்லாமல் வாழ்கிறார் என்றால் இருவர் செலவும் ஒன்றாக இருக்காது. அந்த வேறுபாட்டைச் சான்றிதழ் காட்டாது. காட்டவேண்டும் என்று அதனிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

பணக்கார நாட்டில் இது சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் விதியைப் படிக்கலாம். வறிய முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமாக 1974இல் தொடங்கிய துணை வருமானத் திட்டத்தில், குடியிருக்கும் வீடும் ஒரு வாகனமும் போக, பெறுபவரிடம் 2,000 டாலருக்கு மேல் சொத்து இருக்கக்கூடாது. தம்பதியாக இருந்தால் 3,000 டாலர். 1989இல் வைத்த வரம்பு அது. விலைவாசி ஏற ஏற அது தானாக உயரும் ஏற்பாடு எதுவும் இல்லை. மின்சார நாற்காலி பழுதானால் உதவும் என்று சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்த பணமே அவருடைய மாத உதவியைப் பறித்துவிடும். 2014இல் இதற்கு ஒரு விலக்காகச் சிறப்புச் சேமிப்புக் கணக்கு வந்தது. ஆனால் 26 வயதுக்கு முன் குறைபாடு தோன்றியவர்களுக்கே அது திறந்திருந்தது, 2026இல்தான் அந்த வயது 46 ஆக்கப்பட்டது. உதவி பெறும் இருவர் ஒருவரையொருவர் மணந்தால், இருவருக்கும் சேர்த்து உச்சத் தொகை ஒருவர் பெறுவதைப் போல ஒன்றரை மடங்காகச் சுருங்குகிறது. திருமணம் செய்துகொள்ளாதீர்கள் என்பது அங்கே காதலர்களுக்கு வழக்கறிஞர்கள் சொல்லும் அறிவுரையாக இருப்பதில் வியப்பில்லை. (மேற்சொன்ன உடன்படிக்கையில் 2009இல் கையெழுத்திட்ட அந்நாடு அதை இன்னும் உறுதிசெய்யவில்லை, 2012 டிசம்பரில் செனட் அவையில் 61 பேர் ஆதரித்தும் தேவையான மூன்றில் இரண்டு பங்கு எட்டவில்லை.)

பிரிட்டன் கூடுதல் செலவைத் தனியே ஏற்றுக்கொண்ட நாடு. 1992இல் தொடங்கிய மாற்றுத்திறனாளி வாழ்க்கைப்படியும், உழைக்கும் வயதினருக்கு 2013 முதல் அதன் இடத்தில் வந்த தனிநபர் சார்பின்மைத் தொகையும் வருமானத்தைப் பார்ப்பதில்லை, சேமிப்பைப் பார்ப்பதில்லை, வேலையில் இருப்பவருக்கும் உண்டு. நான் கேட்பதற்கு மிக அருகில் வரும் கொள்கை அது. அங்கே சிக்கல் வாசலில் இருக்கிறது. சமைத்தல், குளித்தல், உடுத்துதல், நடத்தல் என்று ஒவ்வொரு செயலுக்கும் புள்ளி. 8 புள்ளிக்கு ஒரு தொகை, 12 புள்ளிக்கு மேல்தொகை. இவ்வளவு தூரத்துக்கு மேல் நடக்க முடியாதவருக்கே மேல்தொகை என்ற எல்லை, பழைய திட்டத்தில் ஏறத்தாழ 50 மீட்டராகக் கொள்ளப்பட்டது, புதிய திட்டத்தில் 20 மீட்டராக இறங்கியது. ஒரு செயலைப் பாதுகாப்பாகவும், ஏற்கத்தக்க விதத்திலும், தேவைப்படும்போதெல்லாம் திரும்பவும், மற்றவர் எடுக்கும் நேரத்தைப் போல இரு மடங்குக்கு மிகாமலும் செய்ய முடிந்தால்தான் செய்ய முடிந்ததாகக் கொள்ள வேண்டும் என்ற நல்ல விதியும் அங்கே உண்டு. நடைமுறையில் அந்த விதி எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பதற்குத் தீர்ப்பாயங்களே சாட்சி: மறுக்கப்பட்டு விசாரணைவரை சென்ற வழக்குகளில் பல ஆண்டுகளாகப் பாதிக்கும் மேற்பட்டவை விண்ணப்பித்தவருக்குச் சாதகமாகவே முடிந்திருக்கின்றன. 2025இல் தகுதியை மேலும் இறுக்கும் விதி ஒன்றை அந்நாட்டு அரசு கொண்டுவந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்களே எதிர்த்து நின்றதால், ஜூலை முதல் நாள் வாக்கெடுப்புக்குச் சற்று முன்பு அதைக் கைவிட்டது.

மதிப்பீடு எங்கே தவறுகிறது என்பதை ஒரே வரியில் பார்த்திருக்கிறேன். நரம்புத் தளர்ச்சி நோயுள்ள ஒரு பெண்மணிக்கு நான் படிவம் நிரப்பிக் கொடுத்திருந்தேன். மறுக்கப்பட்ட பிறகு மதிப்பீட்டு அறிக்கையின் படியை எடுத்துவந்து காட்டினார். "எப்படி வந்தீர்கள்?" என்ற கேள்விக்கு "வாடகை வண்டியில் வந்தேன்" என்று அவர் சொன்னது, "தனியாகப் பயணம் செய்யக்கூடியவர்" என்று எழுதப்பட்டிருந்தது. அந்தப் பயணத்துக்குப் பிறகு இரண்டு நாள் படுக்கையிலேயே கிடந்ததை எழுத அந்தத் தாளில் இடமே இல்லை. வராமல் இருந்திருந்தால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்பட்டிருக்கும். நேரில் வரும் அளவுக்கு உடல் தேறியிருப்பவரிடம் மட்டுமே நேர்காணல் நடத்தி, வந்ததையே தேறியதற்குச் சான்றாக எழுதுவது எப்படிப்பட்ட மதிப்பீடு என்று நீங்களே சொல்லுங்கள்.

துண்டிக்கப்பட்ட கால் மீண்டும் வளராது என்பதற்கு ஆண்டுதோறும் சான்று கேட்பது, தொழுநோயால் விரல்களை இழந்தவரிடம் கைரேகை கேட்பது போன்றவற்றை நீட்டி எழுத விரும்பவில்லை. இவை ஒவ்வொன்றும் ஒரு சுற்றறிக்கையால் ஒரே நாளில் நிறுத்தக்கூடியவை என்பது உங்களுக்குத் தெரியும்.

இனி, பணம் எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான், அதற்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும்: நான் கேட்பது இப்போது செலவிடுவதைவிட அதிகமாகும். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 மதிப்பீட்டின்படி 130 கோடிப் பேர், அதாவது மக்களில் 16 விழுக்காட்டினர், குறிப்பிடத்தக்க குறைபாட்டோடு வாழ்கிறார்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2021 அறிக்கையின்படி கடுமையான குறைபாடு உள்ளவர்களில் 33.5 விழுக்காட்டினரே ஏதேனும் ஒரு பண உதவி பெற்றார்கள். எஞ்சிய மூன்றில் இரண்டு பங்கினரைச் சேர்ப்பதற்குச் செலவாகத்தான் செய்யும். ஆனால் வருமானம் பார்க்காமல் தருவது செல்வந்த நாடுகளுக்கு மட்டுமே கட்டுப்படியாகும் என்ற வாதம் நிற்காது. நேபாளம் மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு நிற அட்டைகள் தருகிறது. சிவப்பு, நீல அட்டை வைத்திருப்பவர்களுக்குக் குடும்ப வருமானம் கேட்காமலே மாதத் தொகை உண்டு. மஞ்சள், வெள்ளை அட்டைக்காரர்களுக்கு அது இல்லை என்பது குறைதான், தொகையும் சிறியதுதான். ஆனாலும் குடும்பம் ஏழையா என்ற கேள்வியைக் கேட்காமல் திட்டம் நடத்த முடியும் என்பதை நம்மைவிட வசதியற்ற ஒரு நாடு செய்து காட்டியிருக்கிறது. சுவீடனில் 2019 முதல் கூடுதல் செலவுக்கான ஈட்டுத்தொகை என்றே தனித் திட்டம் இருக்கிறது: குறைபாட்டால் ஆகும் செலவு இன்ன அளவைத் தாண்டினால் இன்ன படிநிலை என்று தொகை ஏறுகிறது, ஆண்டுதோறும் விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஓர் அடிப்படைத் தொகையின் பங்காக அது கணக்கிடப்படுவதால், யாரும் நிதிநிலை அறிக்கையை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

வசதியுள்ளவருக்கும் கொடுப்பதா என்றால், கொடுங்கள். அவரிடமிருந்து வரியாகத் திரும்ப வாங்கிக்கொள்ள உங்களுக்கு வேறொரு துறை இருக்கிறது. வருமானச் சோதனையை மாற்றுத்திறனாளியின் வாசலில் வைப்பதால் நீங்கள் தடுப்பது சில செல்வந்தர்களை. திருப்பி அனுப்புவது, அண்ணனின் சம்பளம் வரம்பைத் தாண்டியதால் தனக்கென்று ஒரு காசும் இல்லாமல் அண்ணன் வீட்டில் வாழும் நாற்பது வயதுத் தங்கையை. குடும்ப வருமானத்தைக் கேட்கும் ஒவ்வொரு விதியும் அவரை ஆயுள் முழுவதும் யாரோ ஒருவரின் சுமையாகவே பதிவு செய்து வைக்கிறது. வன்முறை நடக்கும் வீட்டிலிருந்து வெளியேற நினைப்பவருக்கு இது என்ன பொருள் தரும் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

செலவின் அடிப்படையில் தொகை தருவதில் நிதித்துறை கவனிக்க வேண்டிய ஓர் ஆதாயமும் இருக்கிறது. இதை விவாதங்களில் அதிகம் கேட்டதில்லை. இன்று பேருந்தில் சாய்தளம் வைக்காததன் விலையை வாடகை வண்டிக்குப் பணம் கொடுக்கும் மாற்றுத்திறனாளி கட்டுகிறார். அரசின் கணக்கில் அது பூச்சியம். அந்த விலையை அரசே தரவேண்டி வந்தால், சாய்தளம் வைப்பது மிச்சம் என்பது போக்குவரத்துத் துறைக்கு முன்பாக நிதித்துறைக்கு விளங்கிவிடும். சக்கர நாற்காலிக்கும் செவிக்கருவிக்கும் விதிக்கும் வரியைக் குறைத்தால் உதவித்தொகைச் செலவு குறையும். பள்ளியில் சைகைமொழி ஆசிரியரை அமர்த்தினால் பிற்காலத்துச் செலவு குறையும். உதவித்தொகையையும் அணுகல்வசதியையும் இரண்டு தனித்தனித் துறைகளின் தலையில் கட்டி, இரண்டும் ஒன்றையொன்று பார்க்காமல் இருப்பதால்தான் இரண்டிலும் பணம் போதவில்லை என்ற பேச்சே தொடர்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: கூடுதல் செலவுத் தொகை வந்துவிட்டது என்று சொல்லி, உழைக்க இயலாதவருக்கான வருமான உதவியில் கைவைக்காதீர்கள். அவருக்கு இரண்டு தடையும் உண்டு. இரண்டுக்கும் தனித்தனியே பதில் வேண்டும்.

உடனே செய்யக்கூடிய ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன். குறைபாடு பற்றிய புள்ளிவிவரங்களுக்காக 2001இல் ஐ.நா. அமைத்த வாஷிங்டன் குழு, பார்த்தல், கேட்டல், நடத்தல், நினைவில் வைத்தல், தன்னைத் தானே பராமரித்தல், பிறரோடு தொடர்புகொள்ளுதல் ஆகியவற்றில் எவ்வளவு சிரமம் என்று கேட்கும் ஆறு கேள்விகளைத் தந்திருக்கிறது. கேட்டு முடிக்கச் சில நிமிடங்களே ஆகும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இவற்றைச் சேர்ப்பது பற்றியே எல்லோரும் பேசுகிறோம். நான் கேட்பது, குடும்பங்களின் நுகர்வுச் செலவை வீடு வீடாகக் கேட்டுப் பதியும் கணக்கெடுப்பில் இவற்றைச் சேர்க்க வேண்டும் என்று. ஒரே வருமானமுள்ள இரு வீடுகளில், குறைபாடு உள்ளவர் வாழும் வீட்டில் எது எவ்வளவு குறைகிறது, எது எவ்வளவு கூடுகிறது என்பது அப்போது உங்கள் கைக்கே வந்துவிடும். உங்கள் நாட்டின் அடுத்த செலவினக் கணக்கெடுப்புக்கான வினாத்தாள் இறுதியாவதற்கு முன் அந்த ஆறு கேள்விகளும் அதில் இருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்க்கும்படி எழுத்தில் உத்தரவிட வேண்டுகிறேன். அதன் முடிவுகள் வெளியானதும், வருமானம் கேட்காத கூடுதல் செலவுத் தொகைக்கான முன்வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வையுங்கள்; பார்வையற்றவர் படிக்கக்கூடிய வடிவிலும், சைகைமொழிக் காணொளியாகவும் வையுங்கள். கருத்துச் சொல்ல நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
விண்ணப்பப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் மாற்றுத்திறனாளி ஒருவன்